ஹெலிக்ஸை நிற்க வைப்பது எது?

புரதத்தின் இரண்டாம் நிலை அமைப்பு, அதாவது அமினோ அமிலச் சங்கிலி ஆங்காங்கே எடுக்கும் ஹெலிக்ஸ் என்ற சுருளும் தாள் வடிவமும், எதனால் நிலைத்து நிற்கிறது என்று யாரைக் கேட்டாலும் ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்று பட்டென்று பதில் வந்துவிடும். பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் மதுரைப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். சரிதான், ஆனால் அது பாதி பதில், மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் கருத்து.

பாடப்புத்தகக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆல்ஃபா ஹெலிக்ஸில் ஒரு அமினோ அமிலத்தின் ஆக்சிஜன், சங்கிலியில் நான்கு இடம் தள்ளி இருப்பதன் என்-ஹெச்சோடு (நைட்ரஜனும் அதில் ஒட்டிய ஹைட்ரஜனும்) பிணைகிறது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள், ஒரு சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். 1951-இல் பாலிங், கோரே, பிரான்சன் மூவரும் சொன்னது. சங்கிலியின் இழைகள் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும் பீட்டா தாளில் இதே பிணைப்பு பக்கத்து இழையோடு.

இப்போது தண்ணீரைக் கொண்டு வாருங்கள். சங்கிலி விரிந்து கிடக்கும்போது அந்த ஆக்சிஜனும் என்-ஹெச்சும் சும்மா இருப்பதில்லை, சுற்றியிருக்கும் தண்ணீரோடு ஏற்கெனவே பிணைந்துதான் இருக்கின்றன. ஹெலிக்ஸாகச் சுருளும்போது அதை விட்டு இதைப் பிடிக்கின்றன, கடன் வாங்கிக் கடன் அடைப்பது மாதிரி. கையில் நிற்கும் லாபம் ரொம்பக் கொஞ்சம். அதோடு, இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்த சங்கிலி ஒரே வடிவத்தில் அடங்க வேண்டும் என்ற செலவு வேறு. அதனால்தான் சிறிய பெப்டைடுகள் (குட்டி அமினோ அமிலச் சங்கிலிகள்) பெரும்பாலும் வெறும் தண்ணீரில் ஹெலிக்ஸாக நிற்பதே இல்லை.

அவளிடம் இதை வாயால் சொல்வதைவிட சிடி கருவியில் (ஒளியை உறிஞ்சும் விதத்தை வைத்துச் சங்கிலியின் வடிவத்தைக் காட்டுவது) காட்டிவிடலாம் என்று தோன்றியது. தண்ணீரில் கரைத்த பெப்டைடு, 200 நானோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே ஒரே ஒரு பள்ளம், ஒழுங்கில்லாத சங்கிலியின் அடையாளம். அப்புறம் டிரைஃப்ளூரோஎத்தனால் என்ற ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சேர்க்க அந்தப் பள்ளம் நகர்ந்து, 208-லும் 222-லும் இரண்டு பள்ளங்களாகத் தெளிவாக இறங்கியது. “அக்கா, ஹெலிக்ஸ் வந்துடுச்சு!” என்றாள். வரிசையில் ஒரு அமினோ அமிலம்கூட மாறவில்லை, முதுகெலும்புச் சங்கிலியை (பக்கச் சங்கிலிகள் தொங்கும் நடுச் சங்கிலியை) சுற்றி இருந்த தண்ணீர் விலகியது, அவ்வளவுதான்.

முழுப் புரதத்தில் இந்த வேலையை உள்பகுதி செய்கிறது. எண்ணெய்த்தன்மை உள்ள பக்கச் சங்கிலிகள் தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒதுங்கும்போது முதுகெலும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன. அங்கே தண்ணீர் இல்லை, ஆக்சிஜனும் என்-ஹெச்சும் துணையில்லாமல் மாட்டிக்கொண்டால் பெரிய நஷ்டம். எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கில் துணை கிடைக்க இருக்கும் முக்கிய வழிகள் ஹெலிக்ஸும் தாளும்தான்.

இதைவிட எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு பாதி இருக்கிறது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் போட்ட கணக்கு. பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திரும்பாது. திரும்பக்கூடியவை ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள்தான். அவற்றைத் திருப்பித் திருப்பி, எந்தெந்த இடத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்று மட்டும் பார்த்தார்கள். இரண்டு கோணங்களையும் இரண்டு அச்சில் வைத்து வரைந்த படத்தின் பெரும்பகுதி காலி, தப்பிய சில தீவுகளில் ஒன்றில் ஆல்ஃபா ஹெலிக்ஸ், இன்னொன்றில் பீட்டா தாள். ஹைட்ரஜன் பிணைப்பைக் கணக்கில் எடுக்காமலே! அதாவது, சங்கிலி போகக்கூடிய இடமே முதலில் குறைவு. பிணைப்பு அதற்குள் நடக்கும் விஷயம். பிற்பாடு ராமச்சந்திரன் இதே பெங்களூருக்கு வந்து இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார், மல்லேஸ்வரம் பக்கமிருந்து பொடிநடையாகப் போய்விடலாம்.

அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அலனின் ஹெலிக்ஸுக்கு ஏற்றது. கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி இல்லாததால் சுதந்திரம் அதிகம், அதை அடக்குவதற்கான செலவும் அதிகம். வாலின், ஐசோலூசின் தாள் பக்கம் சாய்பவை. புரோலினுக்குக் கொடுக்க என்-ஹெச்சே கிடையாது, அதன் வளையமும் முந்தைய சுற்றில் போய் முட்டும். ஹெலிக்ஸின் முதல் சுற்றில் இருந்தால் பரவாயில்லை, நடுவில் வந்தால் வளைத்துவிடும்.

இதே கழகத்தில் பி. பலராம் குழுவினர் பல ஆண்டுகள் வேலை செய்த ஏஐபி (அமினோஐசோபியூட்டிரிக் அமிலம்) என்ற அமினோ அமிலம் இதற்கு நேர்மாறு. ஆல்ஃபா கார்பனில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக இன்னொரு மெத்தில், அந்த நெருக்கடியில் கோணங்கள் ஹெலிக்ஸ் தீவை விட்டு நகரவே முடியாத நிலை. மிகச் சிறிய பெப்டைடுகூடச் சுருண்டு நிற்கிறது. அடுத்து எங்கள் பெப்டைடிலும் இரண்டு இடத்தில் ஏஐபி வைத்து, டிரைஃப்ளூரோஎத்தனால் இல்லாமலே 222-இல் பள்ளம் வருகிறதா என்று பார்க்கப் போகிறோம். அதற்கான வரிசையை அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.