மொட்டைமாடி வெயிலும் மூன்று மாடல்களும்

சத்துவாச்சாரி வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் வெப்பம் அளக்கும் சென்சார் கட்டி இரண்டு கோடை ஓடிவிட்டது. நாளைய உச்ச வெப்பத்தை இன்றே சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. மார்ச் முதல் ஜூன் வரை 122 நாள். கணிக்கும் நிரல்களான மாடல்களுக்கு முதல் கோடையின் பதிவுகளைக் காட்டிப் பழக்குவது ட்ரெயின், இரண்டாவதில் சோதிப்பது டெஸ்ட்.

போட்டியில் முதல் ஆள் அம்மா. வடகம் பிழியும்போது கேட்டால் "நாளைக்கும் இதே வெயில்தான் போ" என்பார். அதையே விதியாக எழுதி ஓட்டினேன்: சராசரிப் பிழை 1.1 டிகிரி. வேலூர் வெயிலில் இதை ஜெயிப்பது லேசில்லை. நேர்கோட்டுக் கணக்கான லீனியர் ரிக்ரெஷன் 0.98, கேள்வி கேள்வியாகக் கிளைக்கும் பல மரங்களின் சராசரியான ரேண்டம் ஃபாரஸ்ட் 0.95, முந்தைய மரங்களின் பிழையை அடுத்த மரம் திருத்தும் எக்ஸ்ஜிபூஸ்ட் 0.94.

கெட்டிக்காரர்கள் இருவரையும் சேர்ப்போம் என்று ஃபாரஸ்ட்டையும் எக்ஸ்ஜிபூஸ்ட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். அதே 0.94. நாள்வாரியாகப் பிழைகளை வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது, இரண்டும் ஒரே நாளில் ஒரே பக்கம் சறுக்குகின்றன. முதல் கோடையில் சென்சார் கண்ட உச்சம் 41.8. ஃபாரஸ்ட்டின் ஒவ்வொரு மரமும் பழைய பதிவுகளின் சராசரியைத்தான் சொல்லும். பார்க்காத வெயிலை அதற்குச் சொல்லத் தெரியாது. 43.1 அடித்த அன்று ஃபாரஸ்ட் 41.2 என்றது, எக்ஸ்ஜிபூஸ்ட் 41.4. லீனியர் மட்டும் துணிந்து 42.7 என்றது. ஆனால் சாயங்காலம் இடிமழை கொட்டிய மறுநாள் அது இரண்டு டிகிரி வரை கூட்டிச் சொல்லும். மரங்கள் அங்கே சரியாகப் பிடிக்கும். லீனியரையும் ஃபாரஸ்ட்டையும் வெறுமனே சராசரி எடுத்தேன். 0.86!

அப்புறம் ஆசை விடவில்லை. 1992-ல் ஆய்வாளர் டேவிட் வோல்பர்ட் முன்வைத்த ஸ்டாக்கிங்: மாடல்களின் கணிப்புகளை வைத்து, யாரை எவ்வளவு நம்புவது என்று இன்னொரு மாடல் கற்கும். ட்ரெயின் செய்த அதே நாட்களின் கணிப்பைக் கொடுத்துத் தொலைத்தேன். அந்த நாட்களை ஃபாரஸ்ட் ஏறக்குறைய மனப்பாடம் செய்திருந்ததால் மொத்த மதிப்பெண்ணும் அதற்கே போனது. டெஸ்ட்டில் 1.02. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

பிறகு முதல் கோடையைப் பத்துப் பத்து நாளாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கு முந்தைய நாட்களை மட்டும் காட்டி ட்ரெயின் செய்து, வந்த கணிப்புகளைச் சேர்த்துக் கொடுத்தேன். நாட்களைக் குலுக்கிப் பிரித்தால் நாளை மறுநாளின் வெயில் முன்பே கசிந்துவிடும். இப்போது 0.84.

0.86-க்கும் 0.84-க்கும் 122 நாளில் பெரிய அர்த்தமில்லை. சராசரியே போதும் என்று விட்டுவிட்டேன். ஆனால் டெஸ்ட் கோடையை இத்தனை முறை எட்டிப் பார்த்தபின் அந்த 0.86-ஐயும் முழுசாக நம்ப முடியாது. நிரலில் இனி கை வைக்காமல் அடுத்த மார்ச்சில் ஓட்டப்போகிறேன். சென்சாருக்கு மட்டும் புது பேட்டரி போட்டாயிற்று.