கீழறையில் கிடக்கும் அரியணைக் கல்

தலையில் ஆரஞ்சுத் துணி, கையில் செருப்பு டோக்கன். கால் நனைக்கும் பள்ளத்தைத் தாண்டியதும் பளிங்குத் தரை உள்ளங்காலில் சில்லென்றது. அம்ரித்சர் பொற்கோயிலுக்கு இது இரண்டாவது தடவை. போன முறை தங்கத்தைப் பார்த்துவிட்டு, லங்கர் என்ற இலவச உணவுக்கூடத்தில் தால் ரொட்டி சாப்பிட்டதோடு சரி. இந்த முறை குளத்தருகே இருக்கும் பழைய காவல் விடுதியான ராம்கடியா புங்காவைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்றே வந்திருந்தேன்.

18-ஆம் நூற்றாண்டு பஞ்சாபில் சீக்கியருக்கு அரசன் கிடையாது, மிஸல்கள்தான். ஒரு தலைவனை நம்பித் திரண்ட குதிரைப்படைதான் மிஸல். பன்னிரண்டு என்பார்கள். பிடிக்காவிட்டால் வீரன் அடுத்த மிஸலுக்குப் போய்விடலாம். (பங்கி மிஸலுக்கு அந்தப் பெயர் வந்ததே பாங்கு போதையால்தானாம்!) காவல் கேட்ட ஊர்கள் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை 'ராக்கி' என்று கொடுத்தன. 1748-இல் எல்லோரும் தல் கால்சா என்று ஒரே படையாக ஒன்றுகூடி ஜஸ்ஸா சிங் அலுவாலியாவைத் தலைவராக்கினார்கள். தங்களுக்குள் வெட்டிக்கொண்டவர்கள்கூட பைசாகித் திருநாளுக்கும் தீபாவளிக்கும் பொற்கோயில் வளாகத்திலுள்ள சீக்கியத் தலைமைப் பீடமான அகால் தக்த் முன்னால், புனித நூலான குரு கிரந்த சாகிபுக்கு எதிரே உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். கூட்டத்துக்குப் பெயர் சர்பத் கால்சா, முடிவுக்குப் பெயர் குர்மதா. அப்படி வந்தால் தங்கவும், கோயிலைக் காக்கவும் குளத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டவைதான் புங்காக்கள். அவற்றில் இரட்டைக் கோபுரத்தோடு இன்றும் நிற்பது ராம்கடியாக்களுடையது.

உள்ளே படியிறங்கினால் பெரிய கற்பலகை ஒன்று. முகலாயர் முடிசூட்டிக்கொண்ட கல் என்கிறார்கள். 1783-இல் சீக்கியப் படை டெல்லி செங்கோட்டைக்குள் புகுந்தபோது அலுவாலியாவைச் சிலர் அரியணையில் உட்கார வைத்தார்களாம். இன்னொரு ஜஸ்ஸா சிங், ராம்கடியா மிஸலின் தலைவர், வாளோடு எதிர்க்க, அலுவாலியா எழுந்துவிட்டாராம். கடைசியில் கல்லையே பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அந்த ஆட்களின் குணம் அதில் அப்படியே இருக்கிறது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

சுக்கர்சக்கியா மிஸலிலிருந்து வந்த ரஞ்சித் சிங் 1799-இல் லாகூரைப் பிடித்து, 1801-இல் மகாராஜா ஆனார். மற்ற மிஸல்கள் பலவற்றை ஒவ்வொன்றாக விழுங்கினார். 1805-க்குப் பிறகு அவர் சர்பத் கால்சாவைக் கூட்டவே இல்லை. ஆனால் நெறி தவறினார் என்று அவரையே, அகால் தக்தின் தலைவர் அகாலி பூலா சிங் அங்கே வரவழைத்து, புளியமரத்தில் கட்டிக் கசையடி கொடுக்கச் சொன்னதாக ஒரு கதை உண்டு. மகாராஜா முதுகைக் காட்டி நின்றாராம். அதைப் பார்த்ததும் கூட்டம் மன்னித்துவிட்டதாம்.

வெளியே வந்தபோது லங்கர் வரிசை வளைந்து நீண்டிருந்தது. தட்டை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.