சிவப்பு அட்டை இல்லாமல் பைல் இல்லை

மலையக ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் வேலை செய்கிறேன். இங்கே பெயரை வைத்துப் பைல் தேடவே முடியாது. ஒரே தோட்டத்தில் நாலைந்து லெட்சுமி இருப்பார்கள். அதிலும் ஒருவர் லட்சுமி என்று எழுதுவார், இன்னொருவர் லெச்சுமி என்பார். அதனால் பெட் ஹெட் டிக்கெட் எண்ணின், அதாவது வார்டில் தங்கும் நோயாளியின் சிகிச்சைப் பதிவில் உள்ள எண்ணின், கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து அடுக்குகிறோம். 48213 என்றால் 13ஆம் தட்டு. புதுப் பைல்கள் ஒரே மூலையில் குவியாது, தட்டுக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்கவும் முடிகிறது.

பைல் வெளியே போனால் அந்த இடத்தில் சிவப்பு அட்டை நிற்க வேண்டும்: எடுத்தவர் பெயர், வார்டு, திகதி. “மிஸ்ஸி கேட்டாலும் டொக்டர் ஐயா கேட்டாலும் அட்டை எழுதாமல் கொடுக்காதே தம்பி” என்று புதுப் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதிய பக்கம் கைக்குக் கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. யாரையும் திட்டுவதற்காகப் பெயர் கேட்கவில்லை. அப்புறம், வெள்ளிக்கிழமைகளில் ஒரு தட்டை முழுதாக இழுத்துப் பார்க்கிறோம்; மாறிக் கிடப்பதை அந்தத் தட்டுக்காரரே எடுத்துச் சரியான இடத்தில் வைக்கிறார்.