பைராட்ஸ் 4 என்றால் நான்காம் நிலை அல்ல

வலது மார்பில், அக்குளை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. வலி இல்லை. மாதவிலக்கையொட்டி வரும் வீக்கமாக இருக்கலாம் என்று அது முடியும்வரை பார்த்தேன். கட்டி அப்படியே இருந்தது. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது என்று தெரிந்திருந்ததால், வலி இல்லாததே எனக்குப் பயமாகிவிட்டது.

மருத்துவர் இரண்டு மார்பையும், அக்குளையும், கழுத்தெலும்பின் மேல்பக்கத்தையும் தடவிப் பார்த்தார். "கையால் பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாதும்மா. படம் எடுக்கணும், சந்தேகம் இருந்தா திசுவும் எடுத்துப் பார்க்கணும்" என்றார். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் சில நொடிகள்தான். எனக்கு மார்பகத் திசு அடர்த்தி அதிகமாம். அந்தத் திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை; பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள்.

ரிப்போர்ட்டின் கடைசியில் 'பைராட்ஸ் 4ஏ' என்று இருந்தது. நான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். என்னைப் போலவே பயந்துபோன பலரை அதற்குப் பிறகு சந்தித்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதைச் சொல்லும் எண் அது. புற்றுநோயின் நிலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதத்துக்குள். ஆனாலும் திசுவை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மருத்துவர் இதை விளக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்படித் திசு எடுக்கும் பயாப்ஸியைச் செய்தால் புற்று கிளறப்பட்டு உடம்பெல்லாம் பரவிவிடும் என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். அன்பில் சொன்னதுதான், ஆனால் அது உண்மையல்ல. இந்தப் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கும் பெண்களை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே தடித்த ஊசியால் சில துண்டுகள் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் போல 'டக்' என்று சத்தம் வரும். அதை முன்கூட்டியே ஒருமுறை கேட்க வைத்தது பெரிய உதவி. அப்புறம் அந்த இடம் கொஞ்ச நாள் நீலம் பாரித்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்கள்தான் மிகக் கொடுமை. அப்போது பழக்கமானவர் ஒரு அக்கா. தினக்கூலி வேலை, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். கட்டி தெரிந்தும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார். எனக்கு ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லாத கட்டி என்று வந்தது. அக்காவுக்குப் புற்றுநோய். அன்று எனக்குச் சந்தோஷப்படவே முடியவில்லை.

அவருக்காக நாங்கள் சில பெண்கள் பணம் திரட்டத் தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் தொடர்ந்தோம். சிகிச்சைக்கு உதவி கிடைக்கும் இடங்களில்கூட, பரிசோதனைக்குப் போய்வரும் பயணச் செலவுக்கும், இழந்த கூலிக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் பெரும்பாலும் யாரும் பணம் தருவதில்லை. எங்கள் நிதி அதற்குத்தான். ஸ்கேன், பயாப்ஸிக் கட்டணத்தை நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கே கட்டிவிடுவோம். வரவு செலவைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் காட்டுவோம். நோயாளியின் படத்தையோ பெயரையோ காட்டிப் பணம் கேட்பதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உதவி வேண்டும் என்பதற்காக ஒரு பெண் தன் நோயை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அக்டோபரில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதைப் பார்ப்பவருக்கு அடுத்து எங்கே போவது, என்ன கேட்பது என்று தெரிய வேண்டும். எங்கள் கூட்டங்களில் அதைத்தான் பேசுகிறோம். புதிதாகக் கட்டி, தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, இவற்றில் எதைக் கண்டாலும் காட்டிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும், மொத்த நோயாளிகளில் 0.5 முதல் 1 சதவீதம் அவர்கள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 6,70,000 பேர் இறந்தார்கள். முதலில் மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயைக் கண்டறிந்துவிட வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் இலக்கு. பேருந்துக்குக் காசில்லாமல் அந்த 60 நாட்கள் யாருக்கும் கைநழுவக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

அக்கா அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து இப்போது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். கூட்டங்களுக்கும் வருகிறார். பயாப்ஸி பற்றிக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். கீமோ பற்றிக் கேட்டால் அக்கா பேசுகிறார்.