கிரைண்டரும் கேசட்டும்: ஒரு மார்கழி நாட்குறிப்பு

14 டிசம்பர் 2024, சனி

மாலையில் உளுந்தைப் போட்டுச் சுவிட்சைத் தட்டியபோது கிரைண்டர் சுற்றவில்லை. மோட்டாரிலிருந்து 'ஊம்' என்ற முனகல் மட்டும் வந்தது. 1998இல் வாங்கிய இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர் அது. ஊறிய உளுந்தை வீணாக்க மனம் வராமல் மிக்சியில் அரைத்தேன். ஐஸ் தண்ணீர் தெளித்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டியும் ஜாரின் அடிப்பக்கம் கைக்குச் சூடாகவே இருந்தது. அம்மா ஒரு கிண்ணம் தண்ணீரில் மாவைச் சிறிது கிள்ளிப் போட்டார். கிரைண்டர் மாவாக இருந்தால் பஞ்சுபோல மேலே மிதந்திருக்கும். இது கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்குத் தோசை ஊத்திக்கலாம் அம்மிணி, இட்லிக்கு ஆகாது" என்றார்.

மிக்சியை நான் குறை சொல்லமாட்டேன். சட்னிக்கும் மசாலாவுக்கும் அதுவே போதும். ஆனால் பிளேடு வெட்டுகிறது, கல் நசுக்கி அரைக்கிறது. கல்லின் நிதானமான சுற்றில் மாவு திரும்பத் திரும்பப் புரண்டு காற்றை வாங்கிக்கொள்வதால்தான் உளுந்து இரட்டிப்பாகப் பொங்குகிறது. கல்லில் அரைக்க ஆகும் நாற்பது நிமிடத்தைக் குறைக்கும் வழி எதுவும் எனக்குத் தெரிந்து இட்லியை நல்லதாக்கியதில்லை.

15 டிசம்பர், ஞாயிறு

பக்கத்துத் தெருவில் மோட்டார் பழுது பார்ப்பவர் காலையிலேயே வந்துவிட்டார். சுவிட்சைப் போட்டு, டிரம்மைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். அது சுற்றத் தொடங்கியது. "கண்டன்சர் போயிருச்சுங்க்கா, வேற ஒண்ணுமில்லைங்க" என்றார். வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் இத்தகைய மோட்டார் தானாகக் கிளம்பாது, முதல் உந்துதலைக் கொடுப்பது கண்டன்சர்தான் என்று என் மகனுக்கு விளக்கிக்கொண்டே, கட்டைவிரல் தடிமனுள்ள அந்த வெள்ளை உருளையைக் கழற்றி, புதியதை மாட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. போகும்போது குழவியைத் தடவிப் பார்த்து, கல் வழவழப்பாகிவிட்டது, கொத்த வேண்டும் என்றும் சொன்னார்.

இந்த ஊரில்தான் 1955இல் பி. சபாபதி என்பவர் மோட்டாரில் ஓடும் வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தார். பின்னாளில் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, இருபத்தாறு ஆண்டு பழைய ஓர் இயந்திரத்தைத் திறந்து பார்த்தவுடன் நோயைச் சொல்லக்கூடிய ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பதைத்தான்.

18 டிசம்பர், புதன்

குளியலறைக் கீசருக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன், கைப்பேசிச் செயலியில் குறித்த நேரத்துக்குத் தானாக இயங்கும் ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கியிருந்தோம். மார்கழிக் குளிரில் ஐந்து மணிக்கே வெந்நீர் தயாராக இருந்தால் அம்மாவுக்கு உதவியாக இருக்கும் என்பதே எண்ணம். இன்று தண்ணீர் சுடவில்லை. செயலியைத் திறந்தால், சேவை நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. பிளக்கில் எந்தப் பழுதும் இல்லை. அதன் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. எங்கோ ஒரு நிறுவனம் எடுத்த முடிவால் என் வீட்டுச் சுவரில் இருக்கும் பொருள் பாதி செத்துப்போவது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை.

24 டிசம்பர், செவ்வாய்

அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. பையன் ஆசையோடு தன் கேம் கன்சோலை இயக்கினான். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை உள்ளே வைத்த பிறகும், 38 ஜி.பி. அப்டேட் இறங்கினால்தான் ஆட விடுவேன் என்றது. இரவுச் சாப்பாடு முடிந்தும் இறங்கி முடியவில்லை. அவன் முகம் வாடியதைப் பார்த்து, பரணிலிருந்து என் பழைய டிவி கேம் பெட்டியை இறக்கினேன். தொண்ணூறுகளில் நம் கடைகளில் விற்ற பெட்டி. நிண்டெண்டோ இயந்திரத்தின் நகல் அது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

ஆட்டம் பதிந்த கேசட்டை எடுத்ததும் பழக்கதோஷத்தில் ஊதப் போனேன். ஊதுவதால் வாயின் ஈரம் பட்டு, கேசட்டின் செம்புப் பற்களில் களிம்பு பிடிக்கும் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தபோது பஞ்சு பச்சையாகியது; பற்கள் மஞ்சளாக மின்னின. புதிய டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இல்லாததால் ஒரு மாற்றியை இடையில் மாட்ட வேண்டியிருந்தது. சுவிட்சைப் போட்ட நொடியில் மரியோ வந்துவிட்டான்.

1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. பையன் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் 32 கட்டங்களை அடைக்க வேண்டியிருந்ததால், வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். நிறம் மட்டும் வேறு. நான் சொல்லாமலேயே அதை அவன் கண்டுபிடித்து, "அம்மா, மேகத்துக்குப் பச்சை அடிச்சிருக்காங்க பாருங்க!" என்று கூவினான். எவ்வளவு சிக்கனம்! இல்லாமையில் பிறந்த அந்த யோசனையை நான் மனதார மதிக்கிறேன்.

25 டிசம்பர், புதன்

அந்தப் பழைய பெட்டியின் விளையாட்டுத் துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. வாத்து சுடும் ஆட்டமான டக் ஹண்டில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழவேயில்லை. துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, டிவியைப் பார்க்கிறது என்று பையனுக்கு விளக்கினேன். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலுக்குள் உள்ள ஒளி உணர்வி அந்த வெளிச்சத்தைக் குறித்த கணத்தில் கண்டால்தான் குறி தப்பவில்லை என்று கணக்கு. பழைய பிக்சர் டியூப் டிவியில் அது தாமதமின்றி நடந்தது. இன்றைய தட்டைத் திரையோ படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. ஆக, பழையது எல்லாமே நிலைக்கும் என்று நான் வாதிட முடியாது.

29 டிசம்பர், ஞாயிறு

புதியவற்றில் நான் நேசிப்பவற்றையும் எழுதிவிட வேண்டும். பையனும் நானும் ஒரு வாரமாக ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை ஆட்டத்தை ஆடுகிறோம். எரிக் பாரோன் என்ற ஒரே மனிதர் படம், இசை, நிரல் அனைத்தையும் தாமே செய்து 2016இல் வெளியிட்ட ஆட்டம் இது. இணையம் இல்லாமலும் ஓடும்; திரையை இரண்டாகப் பிரித்து ஒரே டிவியில் இருவர் ஆடலாம். அதில் முதலில் கிடைக்கும் வீட்டில் அடுப்பங்கரையே கிடையாது. பத்தாயிரம் பொன்னும் 450 மரமும் சேர்த்து வீட்டை விரிவாக்கினால்தான் சமைக்கலாம். அந்த அடுப்பு வந்த நாளில் பையன் உண்மையாகவே துள்ளிக் குதித்தான்.

கூடத்தில் உள்ள, எலக்ட்ரானிக் போர்டால் இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறியும் அப்படியே. பழையது 75 வாட் இழுத்தது, இது 30 வாட்தான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 32 யூனிட் மிச்சம். 100 யூனிட் வரை இலவசம் என்ற நம் கணக்கில் அது சிறிய தொகை அல்ல. ஆயினும் படுக்கையறையில் இருந்த இதே வகை விசிறியின் போர்டு சென்ற மழையில் போனது. காயில் கருகியிருந்தால் கட்டித் தந்துவிடுவேன், போர்டுக்கு நான் எங்கே போவேன் என்று பக்கத்துத் தெரு மோட்டார்காரர் கைவிரித்தார். சேவை மையம் எடுத்துச் சென்று மூன்று வாரமாகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அறிவை இவ்வளவு அருமையாகப் பயன்படுத்தியவர்கள், அந்தப் போர்டை உள்ளூர்க் கடையிலும் கிடைக்கச் செய்திருக்கக் கூடாதா?

5 ஜனவரி 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கல் கொத்தினார்கள். கொத்திய பொடி மாவில் கலந்துவிடாமலிருக்க முதலில் ஒரு பிடி பழைய அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, நேற்று மாலை நாலுக்கு ஒன்று கணக்கில் அரிசியும் உளுந்தும், அரை ஸ்பூன் வெந்தயமும் ஊறவைத்து அரைத்தோம். உளுந்து பானை விளிம்புவரை பொங்கி வந்தது. குளிரில் புளிக்கத் தாமதமாகும் என்பதால் அம்மா உப்பைக் கையாலேயே கரைத்து, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பு மேடையின் மூலையில் வைத்தார்.

காலையில் மூடியைத் திறந்தபோது மாவின் மேற்பரப்பு முழுவதும் சிறு சிறு குமிழிகள். கரண்டியை விட்டதும் நுரை மெல்ல அமுங்கியது. கன்சோலின் அப்டேட் இறங்கி முடிந்தும் பையன் அதன் பக்கம் போகவில்லை. தட்டோடு வந்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டான். மாவு இன்னும் இரண்டு நாளைக்கு வரும். புதன்கிழமை மறுபடி ஊறவைக்க வேண்டும்.