நேப்பாளத்துத் தம்பிகளின் விரல்கள்

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தேன். முதல் ஒன்பது ஆண்டுகள் நுண்ணோக்கியின் மேல் குனிந்தபடியே கழிந்தன. மின்னணுச் சில்லில் கீறல் இருக்கிறதா, கம்பி ஒட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற பயிற்சிக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: பொறுமையும் சிறிய விரல்களும் பெண்களுக்கு இயல்பு, ஆகவே இந்த வேலை அவர்களுக்கே பொருந்தும். பல ஆண்டுகள் அதை நானும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். பாராட்டு என்றே எண்ணினேன்.

அது அவர் சொந்தமாக எழுதிய வரி அல்ல. 1972-இல் இங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கி, இன்டெல் வெளிநாட்டில் தன் முதல் ஆலையை நிறுவிய அந்தப் பத்தாண்டில், முதலீட்டாளர்களுக்காக அரசு அச்சிட்ட கையேடே கீழைநாட்டுப் பெண்ணின் சிறிய கைகளைப் பிறவிக்குணமாக வர்ணித்தது. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொன்னது. ஆலைகள் விலக்கு வாங்கிக்கொண்டன. அந்தப் பிரிவை நீக்கியது 2023-இல்தான். அதற்குள் நான் எத்தனை இரவு ஷிப்ட் பார்த்துவிட்டேன்!

டயேன் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இலேயே இதைப் பிட்டுவைத்தார்கள் என்று மிகவும் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். விரல் நுட்பம் பிறவியில் வருவதில்லை. தையலிலும் வீட்டு வேலையிலும் சிறுவயது முதல் பழகி வருவது. அந்தப் பழக்கத்துக்குச் சான்றிதழ் கிடையாது. ஆகவே அது திறமைக் கணக்கில் ஏறுவதில்லை, சம்பளத்திலும் ஏறுவதில்லை. படித்தபோது அம்மாவின் நினைவுதான் வந்தது. பினாங்கின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டினார். உளி கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் இறங்காது. இதே வட்டாரத் தோட்டங்களில் 1920களின் பிற்பகுதியில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பத்துக் காசு வித்தியாசம் மரத்துக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் ஆலையில் அந்தப் பத்துக் காசு வேறு வடிவத்தில் இருந்தது. நாங்கள் ஆபரேட்டர்கள், இயந்திரம் பழுது பார்க்கும் ஆண்கள் டெக்னீஷியன்கள். இயந்திரம் மக்கர் செய்யப்போவதை அதன் சத்தத்திலேயே கண்டுபிடிப்பது நாங்கள். திருப்புளி மட்டும் அவர்கள் கையில். ஓர் இரவு டெக்னீஷியன் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. கண்ணால் பலமுறை பார்த்த வேலைதானே என்று மேசையில் கிடந்த திருப்புளியை எடுத்து நானே அடைப்பை நீக்கினேன். ஓடத் தொடங்கியது. திரும்பி வந்தவர் எப்படி என்று கேட்டார். "தானாகவே சரியாகிவிட்டது அண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். யாரும் மிரட்டவில்லை. அவர் நல்லவர், என் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர். ஆண், பெண் என்ற அடையாளம் என்பது நாம் இருக்கும் நிலையல்ல, பிறர் கண்முன் ஒவ்வொரு நாளும் செய்துகாட்டுவது என்று வெஸ்ட், சிம்மர்மன் என்ற சமூகவியலாளர்கள் 1987-இல் எழுதினார்கள். அன்று அதிகாலை மூன்று மணிக்கு நான் செய்துகாட்டினேன். திருப்புளியைக்கூட இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்திருந்தேன்.

அதன் பிறகு நேப்பாளத்துத் தம்பிகள் வந்தார்கள். மலையில் மண்வெட்டி பிடித்த கைகள். என் விரலைப்போல் ஒன்றரை மடங்கு தடிமன். அதே முக்காலி, அதே நுண்ணோக்கி. முதல் மாதம் திணறினார்கள், மூன்றாம் மாதம் எங்கள் எண்ணிக்கையைத் தொட்டார்கள். அலுவலகத்தில் ஒருவரும் இயல்பைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சி நன்றாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்கள்! அவர்களுடைய பொறுமைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: கடன் வாங்கி வந்தவர்கள், அடங்கித்தான் இருப்பார்கள் என்று. எங்களுக்குப் பிறவி, அவர்களுக்குக் கடன்.

அந்த வாரமே பயிற்சிக் குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த தணிக்கையில் குறிப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆபரேட்டர் சம்பளப் படியும் இருந்த இடத்திலேயே இருந்தது.