ஹாட் டக்ஸ் வாசலில் ஏழு மணி நேரம்

2014 மே மாதம் செய்தி வந்தது. சிகாகோவில் டக் சோன் நடத்திவந்த ஹாட் டக்ஸ், அதாவது பன்னுக்குள் சாசேஜ் என்ற இறைச்சிக் குழலை வைத்துத் தரும் ஹாட் டாக் கடை, அக்டோபர் 3-ஆம் தேதியோடு மூடப்படுகிறது. வியாபாரம் படுத்து மூடினால் மனசு ஏற்றுக்கொள்ளும். இங்கே தினமும் தெருமுனை தாண்டி வரிசை நின்றது. வேறு ஏதாவது செய்யும் நேரம் வந்துவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று நாலு மாதத்தை ஓட்டிவிட்டேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை, செப்டம்பர் 27. வாத்துக் கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கு வெள்ளியும் சனியும் மட்டும்தான் கிடைக்கும். அதனால் சனிக்கிழமையை விட மனசில்லை.

கடை திறப்பது காலை பத்தரைக்கு. ஆறு மணிக்கே பெல்மாண்ட் சாலையில் போகும் 77-ஆம் எண் பேருந்தில் வந்து கலிஃபோர்னியா அவென்யூவில் இறங்கிவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்தால் ராஸ்கோ தெரு முனையில் கடை. சீக்கிரம் வந்துவிட்டோம் என்ற நினைப்பு அந்த முனையிலேயே போய்விட்டது. மடக்கு நாற்காலி, போர்வை, ஃபிளாஸ்க் சகிதம் நூறு பேருக்கு மேல் எனக்கு முன்னால். என்னிடம் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் அறுபது டாலர் ரொக்கமும். கார்டு அங்கே எப்போதுமே செல்லாது.

முதல் இரண்டு மணி நேரம்தான் கஷ்டம். அப்புறம் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், 2001-இல் ராஸ்கோ வில்லேஜில் கடை தொடங்கிய நாளிலிருந்து வருகிறவர். 2004-இல் அந்த இடம் தீப்பிடித்தபோது அவ்வளவுதான் என்று நினைத்தாராம். கடை இங்கே இடம் மாறி வந்தது. வாத்து ஈரல் கதையையும் அவர்தான் சொன்னார். வாத்துக்குத் தீவனத்தைத் திணித்து ஈரலைக் கொழுக்க வைத்து எடுக்கும் ஃபுவா க்ராவை 2006-இல் சிகாகோ மாநகர மன்றம் தடை செய்தது. டக் தொடர்ந்து விற்றார். அந்தத் தடையைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயரையே ஒரு சாசேஜுக்கு வைத்தார். 2007-இல் 250 டாலர் அபராதம். தடையை மீறி அபராதம் கட்டிய முதல் கடை இதுதான். அடுத்த வருடம் தடையே நீங்கியது. வாத்துக்கு நடப்பதை நினைத்தால் எனக்கு அந்தத் தடை சரி என்றே படுகிறது. பெரியவரிடமும் அதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, பாதி டோனட்டைப் பிட்டுக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு இயற்கை அழைத்தது. பக்கத்தில் திறந்திருக்கும் கடையைத் தேடிப் போய்வர அரை மணி நேரம் ஆகும். "போய்ட்டு வாங்க, இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். திரும்பி வந்தபோது நான் நின்ற இடத்தில் தன் போர்வையை விரித்து வைத்திருந்தார்.

ஒரு மணிக்குக் கதவுக்குள் நுழைந்தேன். சுவரெல்லாம் ஹாட் டாக் பொம்மைகளும் படங்களும். கவுண்டரில் டக். இந்தக் கடையை இவ்வளவு பேர் நேசிக்க என்ன காரணம் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். முதலாளியே நின்று ஒவ்வொருவரிடமும் ஆர்டர் எடுப்பார். 2006-இல் நான் முதல்முறை வந்தபோது ஊருக்கும் புதுசு, பேச்சும் திக்கும். எதன் மேல் என்ன போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பின்னாலும் அன்று வரிசை இருந்தது. அவசரப்படுத்தவே இல்லை. இந்த முறையும் அப்படித்தான், வெளியே ஏழு மணி நேரம் காத்திருக்கும் கூட்டத்தை வைத்துக்கொண்டு. அன்று நீங்கள் காட்டிய பொறுமைக்கு நன்றி என்று சொல்லிவிட்டேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

வாங்கியது சாதாரண சிகாகோ ஹாட் டாக்தான். அதற்கென்று ஊரில் ஒரு இலக்கணம் உண்டு. கசகசா தூவிய பன், மாட்டிறைச்சி சாசேஜ், மஸ்டர்ட் என்ற மஞ்சள் கடுகு விழுது, ரெலிஷ் என்ற பளிச்சென்ற பச்சை நறுக்கு ஊறுகாய், வெங்காயம், தக்காளி, நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய், குட்டி ஊறுகாய் மிளகாய், மேலே செலரி உப்பு. கெச்சப் ஆகாது. கடித்தவுடன் சாசேஜின் தோல் படக்கென்று உடைந்து சூடான சாறு நாக்கில் இறங்கும். அப்புறம்தான் ஊறுகாயின் புளிப்பு. உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகத் தின்றேன். ஆறிப்போன கடைசித் துண்டுகள்கூட மொறுமொறுவென்றுதான் இருந்தன.

வெளியே வந்தால் வரிசை இன்னும் முனை தாண்டி நிற்கிறது. ரொக்கம் மட்டும்தானா என்று ஒரு இளைஞர் பதறிப்போய்க் கேட்டார். கையில் கார்டு மட்டும். பெல்மாண்ட் பக்கம் ஏடிஎம் இருக்கும், போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் திரும்பி வரும்வரை அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.